நேற்றைய டேப்பா, நாளைய டேப்பா?

1. பேங்க் வரிசையில் வந்த போன்

நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் எல்லாம் பேங்குக்குப் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதம். போர்ட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பெஹாலாவில் அவருடைய பேங்கில் வரிசையில் நின்றிருந்தேன். அன்றைக்கு எனக்கு அரை நாள் லீவு. கைப்பைக்குள் போன் அடித்தது. பாலிகஞ்சில் நான் எடிட்டராக வேலை பார்த்த ஸ்டூடியோவின் முதலாளி, தபன்தா, அதாவது தபன் அண்ணன்.

"பிஜயா, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே," என்றார் பெங்காலியில். என் பெயர் விஜயா. ஸ்கூலில் சேர்த்த அன்றே கல்கத்தா அதை பிஜயா ஆக்கிவிட்டது. "கால்கேர் டேப்டா ப்ளாக்கே பொஷியே தியேச்சி. நான் ஒரு மீட்டிங் போறேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வரிசையைவிட்டு ஓரமாக வந்தேன்.

அவர் சொன்னது இதுதான்: கால் டேப்பை ப்ளாக்கில் போட்டாச்சு. ஒரு டேப்பில் முதலிலிருந்து கடைசி வரைக்கும் வெறும் கறுப்பைப் பதிவு செய்வதற்கு எங்கள் தொழிலில் ப்ளாக் போடுவது என்று பெயர். அதில் முன்னால் என்ன இருந்தாலும் போயே போச்சு. சரி, கால் டேப் என்றால் எந்த டேப்? அங்கேதான் வந்தது வினை. பெங்காலியில் நேற்றும் கால்தான், நாளையும் கால்தான். 'கால் வந்தேன்' என்றால் நேற்று. 'கால் வருவேன்' என்றால் நாளை. பேச்சின் போக்கில் புரிந்துகொள்வார்கள். வெறுமனே 'கால் டேப்' என்றால் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நாளைய டேப் என்றால், முடித்த படத்தை நாளையிலிருந்து இறக்குவதற்காக வாங்கி வைத்த, பிரிக்காத புது மாஸ்டர் டேப். அதில் ப்ளாக் போட்டுத்தான் ஆகவேண்டும். நேற்றைய டேப் என்றால் அது அரூப் என்ற டைரக்டருடைய படத்தின் ஒரிஜினல். உலகத்தில் அதற்கு இன்னொரு காப்பி கிடையாது.

திருப்பிக் கூப்பிட்டேன். தபன்தாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டூடியோ லேண்ட்லைன் எங்கேஜ்டாகவே இருந்தது. டேப் மெஷினைப் பார்த்துக்கொள்கிற சுந்தரம் சாரிடம் செல்போனே இல்லை.

"என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார் அப்பா.

"அப்பா, ஸ்டூடியோல ஏதோ ஆயிடுச்சுன்னு பயமா இருக்கு. நான் போகணும்."

"போயிட்டு வா. நான் உயிரோட இருக்கேன்னு நானே சொல்லிக்கிறேன். அதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஓடி, டாக்ஸியை மறித்து ஏறினேன்.

2. பட்டும் காகிதமும்

இப்போது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படம் வெட்டுகிற பிள்ளைகளுக்கு நான் ஏன் அப்படி ஓடினேன் என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் தொழிலைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் நான் வந்து சேர்ந்தபோது எல்லாமே டேப்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டேப்பில் இருக்கிற படத்தை கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதை கேப்ச்சர் என்போம். சாதாரண டிவி தரத்துக்கு டிஸ்க் தாங்கும் என்ற காலம் வந்ததும், முழுத் தரத்தில் கேப்ச்சர் செய்து, அதிலேயே வெட்டி, அதையே மாஸ்டராக இறக்கினோம். அது ஆன்லைன் முறை. அதில் கேப்ச்சர் முடிந்த டேப்புக்கு மதிப்பு இல்லை. சீரியல்காரர்கள் அதே டேப்பில் மறுபடியும் ஷூட் செய்வார்கள். ப்ளாக் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

சுந்தரம் சார் எங்களிடம் வந்ததிலிருந்து தினமும் செய்த வேலை அதுதான். சென்னையில் டேப் மெஷினோடு குடித்தனம் நடத்தி ரிட்டயர் ஆனவர். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் ஜாதவ்பூர். மருமகன் வீட்டில் எத்தனை நாளைக்குப் பேப்பர் படிப்பது என்று எங்களிடம் வேலைக்கு வந்துவிட்டார். அவருக்கு பெங்காலி வராது. எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் தமிழ்.

அப்புறம் ஹெச்டி வந்தது. நாலு டேப்பை முழுத் தரத்தில் ஏற்றினாலே டிஸ்க் மூச்சு முட்டியது. அதனால் டிஸ்க் சின்னதாக இருந்த காலத்து ஆஃப்லைன் முறைக்குத் திரும்பினோம். மட்டமான தரத்தில், சின்னதாக கேப்ச்சர் செய்வது. படத்தின் அடியில் டைம்கோடு, அதாவது டேப்பில் இது எந்த இடம் என்று காட்டுகிற எண்கள், ஓடிக்கொண்டே இருக்கும். அதை வைத்து முழுப் படத்தையும் வெட்டி முடித்துவிட்டு, கடைசியில் அந்த எண்களின்படி, தேவையான துண்டுகளை மட்டும் ஒரிஜினல் டேப்பிலிருந்து முழுத் தரத்தில் மறுபடியும் எடுத்துக்கொள்வது. பட்டுத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் தையற்காரர் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது மாதிரி. காகிதம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், கடைசியில் பட்டு வேண்டும். அது அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

அரூபின் படம் எங்கள் ஸ்டூடியோவின் முதல் ஹெச்டி படம். கங்கைக்கு அந்தக் கரையில் மூடிக் கிடந்த ஒரு சணல் மில்லைப் பற்றியது. அவனுடைய அப்பா அந்த மில்லின் பாய்லரில் நிலக்கரி அள்ளிப் போட்டவர். நான் அவரை மேஷோமஷாய் என்று கூப்பிடுவேன், சித்தப்பா மாதிரி. மில்லின் புகைபோக்கியை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து அதற்காகவே காத்திருந்தோம். மற்ற எல்லாவற்றையும் வெட்டி முடித்து, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தோம். ஒருவழியாக அடியில் அறுத்து, இரும்பு வடம் கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். இருந்தது ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு டேப். அந்த டேப்பைத்தான் பேங்குக்குப் போன நாளுக்கு முந்தின நாள் கேப்ச்சர் செய்தோம்.

எனக்குப் பயம் பிறவிக் குணம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்புகிற ஜாதி. அன்றைக்கே தபன்தாவிடம் சொன்னேன்.

"தபன்தா, மத்ததெல்லாம் ஆஃப்லைன்ல இருக்கட்டும். இந்த ஒரு டேப்பை மட்டும் ஃபுல் ஹெச்டியில ஏத்தி வச்சிடலாம்."

"எங்க ஏத்தறது, உன் தலையிலயா? டிஸ்க்ல இடம் எங்க இருக்கு? நாளைக் கழிச்சு ஆன்லைன் ஆரம்பிக்கிறோம். அதுவரைக்கும் டேப் பீரோவுல தூங்கட்டும். டேப்புக்குக் காலா முளைச்சிருக்கு?"

அரூப் அன்று சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவில் அவன் அப்பாவின் முகம். புகைபோக்கி இன்னும் விழவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பிஜயாதி, சிம்னி விழறதை எவன் வேணாலும் எடுப்பான்," என்றான். அவனுக்கு நான் அக்கா, அதனால் பெயரோடு ஒரு தி. "பாபா யார் முன்னாடியும் அழுததில்ல, சிரிச்சதில்ல. இங்க அவர் என்ன பண்றாருன்னே எனக்குத் தெரியல. என் படமே இதுதான்."

3. தாராதலா, மாஜெர்ஹாட், அலிப்பூர்

டாக்ஸியில் உட்கார்ந்ததும் அந்த டேப்பில் இருந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருந்திருக்கலாம். முதலில் மில் கேட். அப்புறம் கூட்டம். அப்புறம் மேஷோமஷாயின் முகம். அதற்குப் பிறகுதான் புகைபோக்கி. ப்ளாக் போட்டால் முதலிலிருந்து தின்றுகொண்டே வரும். டேப் ஓடுகிற வேகத்தில்தான் தின்னும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தாராதலா சிக்னலில் நின்றோம். நேற்றைய டேப்பாக இருந்தால் இந்நேரம் கேட் போயிருக்கும் என்று நினைத்தேன். போகட்டும், கேட்தானே. நாளைக்குப் போய்க் கூட எடுக்கலாம்.

மாஜெர்ஹாட் பாலத்தில் லாரிகள். டாக்ஸி நகரவே இல்லை.

"தாதா, வேற வழி இல்லியா?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தீதி, ஆஸ்பத்திரியா?"

என்ன சொல்வது? ஒரு டேப் என்றால் அவருக்குப் புரியுமா? ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பொய் சொன்ன கூச்சம்கூட எனக்கு வரவில்லை. கூட்டம் போயிருக்கும், கூட்டம் போயிருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது.

நடுநடுவே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புது டேப்பைத்தான் சொல்லியிருப்பார். வேறு எதைச் சொல்லப் போகிறார்? ஒரிஜினலின் மேல் ப்ளாக் போட யாருக்காவது பைத்தியமா? அடுத்த நிமிஷமே, தினமும் கேப்ச்சர் ஆன டேப்புக்கு மறுநாள் ப்ளாக் போடுகிற சுந்தரம் சாரின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவருடைய கைக்கு அது பழக்கம். ஆஃப்லைன், ஆன்லைன் என்று நாங்கள் கத்துவதெல்லாம் எடிட் ரூமுக்குள். மெஷின் ரூமில் டேப் என்றால் டேப்.

அலிப்பூர் தாண்டினோம். இந்த இடத்தில்தான் முகம். இப்போது போய்க்கொண்டிருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஹாஜ்ரா முக்கு வரும்வரை அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

4. சிவப்பு விளக்கு

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மெஷின் ரூமில் சுந்தரம் சார் நாற்காலியில் சாய்ந்து தமிழ் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். டேப் மெஷினில் பதிவாகிறது என்பதற்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சார், உள்ள என்ன டேப்?"

"நேத்து ஏத்தினோமே, அதும்மா. முதலாளி ப்ளாக் போடச் சொன்னாரு. ஏன், என்ன ஆச்சு?"

ஸ்டாப்பை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. சுந்தரம் சார் எழுந்து நின்றார்.

"அது ஒரிஜினல் சார். ஆஃப்லைன்தான் பண்ணியிருக்கோம். நம்மகிட்ட இருக்கிறது வெறும் நிழல்."

அவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. டேப் மெஷினில் அவருக்குத் தெரியாதது கிடையாது. முகம் அப்படியே சாம்பல் பூத்துவிட்டது.

"நான் கேட்டேம்மா. சும்மா போடல. ரெக்கார்டு ஆகாம இருக்க கேமராக்காரரு டேப்புல இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கி வச்சிருந்தாரு. அதைப் பாத்ததும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. வெளிய போய் 'கால்?'னு கேட்டேன். 'ஹாங், ஹாங், கால்!'னு தலையாட்டிட்டுப் போனாரு. அப்புறந்தான் பட்டனைத் தூக்கினேன். கால்னா நேத்துதானேம்மா? எங்க வீட்டு வேலைக்காரி தினம் 'கால் ஆஷ்தே பாரி நி', நேத்து வர முடியலன்னுதானே சொல்றா?"

டேப்பை ரீவைண்ட் செய்து ஓட்டினேன். கறுப்பு. ஓட்டினேன். கறுப்பு. கேட் இருந்த இடம் கறுப்பு, கூட்டம் இருந்த இடம் கறுப்பு. ஒரிஜினலின் டைம்கோடும் அழிந்துபோனதால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. சுந்தரம் சார் என் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது.

திடீரென்று படம் வந்தது. ஒரு தோள். வெள்ளை ஜிப்பாவின் கை. கேமரா அதைவிட்டு மேலே திரும்பிக்கொண்டிருந்தது. வானம். பிறகு புகைபோக்கி. அது சாய்ந்து, நடுவில் உடைந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு முழுசாக விழுந்தது. ஒரு பொட்டு குறை இல்லை.

மீட்டிங் முடிந்து வந்த தபன்தா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தார். புகைபோக்கியைப் போட்டுக் காட்டியதும் துள்ளிக் குதித்தார். "சிம்னி இருக்கு! பேஞ்ச்சே கேச்சி! பிழைச்சோம் பிஜயா!"

"மேஷோமஷாய் போயிட்டாரு," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே பயமாக இருந்தது.

5. மொழிபெயர்ப்பு

மறுநாள் காலையில் ஆன்லைன் ஆரம்பிக்கிற சந்தோஷத்தில் அரூப் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தான். யார் சொல்வது என்று நானும் தபன்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தபன்தாவுக்கு திடீரென்று டாய்லெட் போக வேண்டியிருந்தது. சுந்தரம் சார் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"நானே சொல்றேம்மா. நீ பெங்காலியில அப்படியே சொல்லு. எதையும் குறைச்சிச் சொல்லாதே."

அரூபுக்கு எதிரில் நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். "தம்பி, உங்க அப்பா முகம் இருந்த இடத்தை நான் அழிச்சிட்டேன். கால்னா நேத்துன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

நான் பெங்காலியில் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கால் என்றால் கால் என்று நினைத்தார் என்றா சொல்வது? பெங்காலியில் நேற்றுக்குத் தனியாக 'கொதொகால்' என்று ஒரு சொல் இருக்கிறது. பேப்பரில் போடுவார்கள், பேச்சில் அதிகம் வராது. அதைத் தேடி எடுத்துச் சொன்னேன். அரூபுக்குப் புரிந்தது. சந்தேஷ் டப்பாவை மேஜைமேல் வைத்தான்.

முதலில் சுந்தரம் சாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "பொஷுன்," என்றான். உட்காருங்கள். அப்புறம் திரும்பி வந்த தபன்தாவைப் பார்த்து, "ஒரே ஒரு டேப்புக்கு இடம் கேட்டாங்களே பிஜயாதி, ஒரே ஒரு டேப்பு," என்றான். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தபன்தா, பாவம், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னார். "அப்பா முகம்தானே, அரூப்? கூட்டிட்டு வா. அண்ணாந்து பாக்கச் சொல்லி இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."

"சிம்னியை மறுபடி கட்டித் தருவீங்களா?"

நான் எடிட் ரூமைத் திறந்தேன்.

வேறு வழியில்லாமல் ஆஃப்லைனில் இருந்த நிழலையே எடுத்தோம். ஆஃப்லைனிலும் சவுண்டை மட்டும் முழுத் தரத்தில்தான் ஏற்றுவோம், அதனால் சவுண்டு பழுதில்லை. படம்தான் பிரச்சினை. மேஷோமஷாயின் மார்பின் மேல் டைம்கோடு எண்கள் ஓடின. எண்கள் வெளியே போகிற அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் இன்னும் மங்கும். முன்னும் பின்னும் ஹெச்டி பளீரென்று, ஒவ்வொரு செங்கலும் தெரிகிறது. நடுவில் மனிதர் மட்டும் நீராவிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி தெரிந்தார்.

6. திரையிடல்

எங்கள் ஸ்டூடியோவில் அதோடு கால் என்ற சொல்லுக்குத் தடை. புதன்கிழமை டேப், வெள்ளிக்கிழமை டேப் என்று கிழமை சொல்லித்தான் பேச வேண்டும். தவறிச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். தபன்தாதான் அதிகம் வாங்கித் தந்தார். பிற்பாடு டிஸ்க் பெரிசாகி, ஆஃப்லைனா ஆன்லைனா என்ற கேள்வியே பாதி செத்துவிட்டது. ஆனாலும் சின்னவர்கள் எந்த முறையில் வேலை செய்வது என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் இரண்டாம் தடவை எடுக்க முடியாதது எது என்று முதலில் பாருங்கள். அதை மட்டும் அன்றைக்கே முழுத் தரத்தில் இரண்டு இடத்தில் வையுங்கள். முதலாளி சிரித்தால் மறுபடியும் கேளுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால், அடுத்தவருக்கும் பயம் வரும்வரை விடாதீர்கள்.

ஜாதவ்பூரில் ஒரு சின்ன ஹாலில் படத்தைப் போட்டார்கள். மேஷோமஷாய் முன்வரிசையில். அவருக்கு நேர் பின்னால் நானும் சுந்தரம் சாரும். அந்த ஷாட் நெருங்கியது. வந்தது. மங்கலாக ஒரு முகம்.

மேஷோமஷாய் சட்டென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜிப்பா நுனியால் ஒரு பக்கம், மறு பக்கம் என்று அழுத்தித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்வதற்குள் ஷாட் முடிந்துவிட்டது. திரையில் புகைபோக்கி, துல்லியமாக. திருப்தியாகத் தலையாட்டினார்.

விளக்குப் போட்டதும் மகனைக் கூப்பிட்டார்.

"படம் நல்லா இருக்குடா. நடுவுலதான் என் கண்ணாடி மங்கிடுச்சு. சிம்னி விழறதுக்கு முன்னாடி ஒருத்தன் மூச்சு விடறது கேட்டுதே, அது யாரு?"

"நீங்கதான் பாபா."

"நானா? அடடா, பாக்காம விட்டுட்டேனே," என்று மறுபடியும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லேன். இந்தத் தடவை துடைச்சு வச்சிட்டுப் பாக்கறேன்."

சுந்தரம் சாருக்கு பெங்காலி வராது. "என்னம்மா கேக்கறாரு?" என்றார் என் காதருகில். எனக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை.